யாருடைய தில்லி? முதல் ஆல்பங்களும் முகம் சுளித்த ரசிகர்களும்

2016 டிசம்பரில் வெளியான 'தங்கல்' படத்தில் 'தாக்கட்' என்றொரு பாட்டு வரும். ஹரியாணா மல்யுத்தக் களத்தின் பேச்சை அள்ளிக்கொண்டு வந்து ராப்பாக்கியிருப்பார்கள். இசை பிரீதம். பாடியவர் ரஃப்தார். அவருடைய இயற்பெயர் திலின் நாயர். 1988இல் திருவனந்தபுரத்தில் பிறந்த மலையாளி, தில்லியின் ராப் வட்டத்தில் ஆளானவர். படம் பார்த்தவர்களில் பலர் அந்தக் குரலை ஏதோ ஒரு ஜாட் இளைஞனுடையது என்றே எண்ணியிருப்பார்கள். எண்ணியதில் குற்றமில்லை, அவ்வளவு பிசிறில்லாத உச்சரிப்பு.

ரஃப்தாரின் முதல் முழு ஆல்பம் 'ஜீரோ டு இன்ஃபினிட்டி' 2018இல் ஜீ மியூசிக் வழியாக வந்தது. அதே ஆண்டில் தில்லியிலிருந்து பாட்ஷாவின் முதல் ஆல்பம் 'ஒன்' வந்தது, சீதே மௌத் இரட்டையரின் 'பயான்' வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் பிரப் தீப்பின் 'கிளாஸ்-சிக்' வந்திருந்தது. ஒன்றேகால் ஆண்டுக்குள் ஒரே நகரத்தின் நான்கு முதல் ஆல்பங்கள். இவற்றில் ஒன்றைக்கூட ரசிகர்கள் ஒரே குரலில் வரவேற்கவில்லை. "பழைய ஆளைக் காணோம்" என்றார்கள் சிலர், "காசுக்குப் போய்விட்டான்" என்றார்கள் சிலர், "இது யாருக்குப் புரியும்" என்று கேட்டவர்களும் உண்டு. வழக்கமான ரசிகச் சலசலப்பு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தப் புகார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாட்டின் தரம் பற்றிய பேச்சு அதில் குறைவு என்பது தெரியும். பாடுகிறவன் எந்த இடத்து ஆள், யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்பதே வழக்கு. முதல் ஆல்பம் அந்த வழக்கு விசாரணைக்கு வரும் நாள்.

டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். உன் தெரு எது என்று அவரை யாரும் கேட்டதில்லை. பின்னணிப் பாடகனின் குரல் வாடகைக் குரல். அதை ரசிகன் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறான். ராப்பில் அந்த ஒப்பந்தம் செல்லாது. 'நான்' என்று தொடங்கும் பேச்சு அது. அந்த 'நான்' பாடுகிறவனே என்று கேட்பவன் நம்பவேண்டும். ஒரு தனிப்பாட்டிலோ சினிமாவில் வரும் பதினாறு வரியிலோ இந்த நம்பிக்கைக்கு வேலை குறைவு. மிச்சத்தை ரசிகன் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறான். இப்படி ஐந்தாறு ஆண்டில் ஒவ்வொரு ரசிகனிடமும் ஒவ்வொரு ரஃப்தார் உருவாகிவிடுகிறார். பிறகு ஒருநாள் அவரே ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசும் தொகுப்பு வருகிறது. தன்னிடம் இருக்கும் ரஃப்தாரோடு அதை ஒப்பிட்டு, ஒத்துப்போகவில்லை என்று ரசிகன் எழுந்து நிற்கிறான்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் தாமதமாகத்தான் வந்தது. பாபா சேகலின் 'தண்டா தண்டா பானி' 1992இல் கேசட்டில் ஓடியபோது அதை யாரும் தன்வரலாறாகக் கேட்கவில்லை, அது வேடிக்கை. 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' நம் ஊருக்கு வந்தபோதும் அப்படித்தான், சென்னைத் தமிழை ரசித்தோம், பாடியவர்களின் விலாசத்தைத் தேடவில்லை. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த பாகிஸ்தான் பஞ்சாபி பொஹீமியா 2002இல் 'விச் பர்தேசன் தே' ஆல்பத்தோடு வந்த பிறகு வட இந்தியாவில் நிலைமை மாறியது. தனிமை, வறுமை, புலம்பெயர்ந்த வாழ்வு என்று தன் கதையைத் தன் மொழியில் ராப்பாகச் சொல்லமுடியும் என்பதை மேற்கு தில்லிப் பையன்கள் அவரிடமிருந்தே கற்றார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 2006இல், மலேசியாவின் யோகி பி – நட்சத்திரா குழு 'வல்லவன்' ஆல்பத்தைத் தமிழில் கொண்டுவந்தது. இரண்டும் தாய்மண்ணுக்கு வெளியே பிறந்தவை என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சினிமாவின் நிழல் எட்டாத இடத்தில்தான் ஆல்பம் என்ற செடி முளைத்திருக்கிறது.

மேற்கு தில்லி ஏன் என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதில் இருக்கிறது. 1947இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக விரிந்த பகுதிகள் பட்டேல் நகர், ராஜேந்திர நகர், மோத்தி நகர், திலக் நகர். வீட்டில் பஞ்சாபி, தெருவில் இந்தி, கனடாவிலும் இங்கிலாந்திலும் உறவினர்கள். பாங்ரா கேசட்டும் அமெரிக்க ராப்பும் ஒரே அலமாரியில் இருந்த வீடுகள். கரம்புராவிலிருந்து வந்த ஹனி சிங் 2011இல் 'இன்டர்நேஷனல் வில்லேஜர்' ஆல்பத்தை வெளியிட்டு இந்தச் சந்தையை நாடு முழுக்கத் திறந்துவிட்டார். அவரைச் சுற்றி இருந்த மாஃபியா முண்டீர் குழுவில் பாட்ஷா, ரஃப்தார், இக்கா, லில் கோலு எல்லோரும் இருந்தார்கள். குழு உடைந்தது. உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சந்தையானது. கார், மது, பெண், கொண்டாட்டம் என்ற வாய்ப்பாடு அப்போது உறுதிப்பட்டது. 2012 டிசம்பரில் தில்லி பேருந்து வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில் பெண்களை இழிவுபடுத்தும் பாட்டுகளும் கூண்டில் ஏற்றப்பட்டன. அந்த ஆண்டின் கடைசி இரவில் குருகிராமில் நடக்கவிருந்த ஹனி சிங் நிகழ்ச்சி ரத்தானது. குற்றம் சாட்டப்பட்ட பாட்டு தன்னுடையதல்ல என்று அவர் மறுத்தார். வழக்கின் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராப் பாடகன் தன் சொல்லுக்குப் பொறுப்பானவன் என்று தில்லி பொதுவெளியில் கேட்டது அதுவே முதல் தடவை.

இந்தப் பின்னணியில் 'கிளாஸ்-சிக்' வந்தது. பிரப் தீப் திலக் நகர்க்காரர், சீக்கியர், பி-பாய் நடனத்திலிருந்து ராப்புக்கு வந்தவர். திலக் நகரை ஒட்டித்தான் திலக் விஹார் இருக்கிறது. 1984 படுகொலையில் திரிலோக்புரி, சுல்தான்புரி, மங்கோல்புரி பகுதிகளில் கணவரை இழந்த சீக்கியப் பெண்களைக் குடியமர்த்திய இடம். 'விதவைக் காலனி' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பலரைப் போதைப்பொருள் தின்றதைப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாக எழுதிவருகின்றன. பஞ்சாபி ராப் என்றாலே பெரிய காரும் திருமண மண்டபமும் கண்முன் வந்த காலத்தில், போதையும் போலீசும் இளம் வயதுச் சாவும் நிரம்பிய ஒரு பேட்டையை பிரப் தீப் பஞ்சாபியும் இந்தியும் கலந்து பேசினார். இசையமைத்தவர் செஸ் ஆன் த பீட் எனப்படும் சஜீல் கபூர். மும்பையின் டிவைனும் நேஸியும் 2015இல் சேர்ந்து பாடிய 'மேரே கல்லி மே' பாட்டின் பீட் இந்தத் தில்லிக்காரருடையதுதான். மும்பைக் கல்லி ராப்பின் ஒலியை வடித்தவர்களில் ஒருவர் தில்லியில் உட்கார்ந்திருந்தார் என்பதை இரு நகரத்து ரசிகர்களும் வசதியாக மறந்துவிடுவதுண்டு.

உதய் கபூரும் மோ ஜோஷியும் 2017இல் தொடங்கிய ஆசாதி ரெக்கார்ட்ஸ் இந்த ஆல்பத்தை வெளியிட்டது. ஆங்கில இசைப் பத்திரிகைகள் கொண்டாடின. அங்கேதான் ஒரு கோணல். திலக் நகரைப் பற்றிய ஆல்பத்துக்கு முதல் கைத்தட்டல் கிடைத்தது தெற்கு தில்லியில், ஹவுஸ் காஸ் போன்ற இடங்களின் மது அருந்தகங்களில் கூடும் ஆங்கிலம் பேசும் இளைஞர்களிடம். மெட்ரோவில் ஒரு மணி நேரத் தொலைவு. வாழ்க்கையில் அதைவிட அதிகம். பஞ்சாபிப் பார்ட்டிப் பாட்டில் ஊறிய பெருந்திரளுக்கு இந்த ஆல்பம் ஆடமுடியாத பாட்டாக இருந்தது. பிரப் தீப்பைப் பற்றிய கருத்துப் பிளவு உண்மையில் தில்லியின் வரைபடத்தில் இருக்கும் பிளவு. அவருக்கே இது பின்னால் கழுத்தைச் சுற்றியது. 2021இல் 'தபியா' வந்தபோது குரல் தணிந்திருந்தது, மெட்டு கூடியிருந்தது, தேடல் உள்முகமாகத் திரும்பியிருந்தது. திலக் நகரைக் காணோம் என்று வருந்தியவர்களில் திலக் நகரைப் பார்த்தே இராதவர்களும் இருந்தார்கள். என் காதுக்கு 'தபியா'தான் முதிர்ந்த வேலை. ஆனால் முதல் ஆல்பத்தின் அவசரம் அதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இடம் சார்ந்த இந்த வழக்கு ராப்பின் தாயகத்திலேயே நடந்து தீர்ப்பானது. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் தவிர வேறெங்கும் ராப் இல்லை என்று நம்பப்பட்ட காலத்தில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இரட்டையர் 1994 ஏப்ரலில் தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். தென் மாநிலத்து இழுவைப் பேச்சு, சர்ச்சுக்குப் பக்கத்திலிருந்து வந்த இசை, ஊர்க் கார்கள், ஊர்ச் சாப்பாடு. விற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில் சிறந்த புதிய குழுவாக அவர்களை அறிவித்ததும் அரங்கம் கூச்சலிட்டது. தெற்குக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று மேடையில் சொல்லிவிட்டு இரட்டையரில் ஒருவரான ஆந்த்ரே இறங்கினார். அடுத்த பத்தாண்டில் அமெரிக்க ராப்பின் தலைநகரம் தெற்கே நகர்ந்தது. அவுட்காஸ்டுக்கு இருந்த ஒரு வசதியைக் கவனிக்கவேண்டும். கூச்சலிட்டவர்கள் அயலூர்க்காரர்கள். சொந்த ஊர் பின்னால் நின்றது.

ரஃப்தாருக்கு அந்த வசதி இல்லை. அவர் எந்தத் தெற்கைச் சொந்தம் கொண்டாடுவார்? தில்லியில் வளர்ந்த தென்னிந்தியப் பிள்ளைகளின் நிலைமை ராமகிருஷ்ணபுரத்திலும் கரோல் பாக்கிலும் மயூர் விஹாரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். வாசற்படிக்கு உள்ளே ஒரு மொழி, வெளியே ஒரு மொழி. 'மதராசி' என்று கூப்பிட்ட பள்ளித் தோழனைவிடச் சுத்தமாக அவன் பேச்சைப் பேசிக்காட்டுவது ஒரு தற்காப்பு. ரஃப்தார் அந்தத் தற்காப்பைக் கலையாக்கினார் என்றே நான் வாசிக்கிறேன். அவருடைய வேகம் புகழ்பெற்றது. பெயரே வேகத்தைக் குறிப்பது. ஹரியாண்வி, பஞ்சாபி, இந்தி எதில் வேண்டுமானாலும் உள்ளூர்க்காரனாகிவிடுவார். 2014இல் மஞ்ச் மியூசிக்கோடு செய்த 'ஸ்வாக் மேரா தேசி' அவரைப் புலம்பெயர்ந்த பஞ்சாபிகளிடமும் கொண்டுசேர்த்தது. இப்படி நான்கு திசையிலிருந்தும் ஆள் சேர்த்தவர் முதல் ஆல்பத்துக்கு வைத்த பெயரில் ஊர் இல்லை, சாதி இல்லை, மொழி இல்லை. பூஜ்யமும் முடிவிலியும் மட்டும் இருந்தன.

புகார்களும் நான்கு திசையிலிருந்து வந்தன. பழைய மிக்ஸ்டேப் காலத்திலிருந்து கூடவே வந்தவர்கள் கடுமையான வரிகளை எதிர்பார்த்தார்கள். சினிமாப் பாட்டு வழியாக வந்தவர்களுக்கு ஆட ஒரு பாட்டு போதும். ஆல்பம் வெளியான விதமும் இந்தப் பிளவுக்கு உதவியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையச் செலவு சரிந்த பிறகு இந்தியர்களின் வானொலிப் பெட்டி யூடியூபாக மாறியிருந்தது. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில்தான். பெரிய நிறுவனங்களின் ஆல்பம் என்பது நடைமுறையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வீடியோக்களின் வரிசை. முழுத் தொகுப்பையும் வரிசை மாறாமல் ஒரே மூச்சில் கேட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆல்பத்தை நிராகரித்தவர்களில் கணிசமானோர் ஆல்பத்தைக் கேட்டதே இல்லை என்பது என் சந்தேகம். ரசிகர்மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அது.

ஆல்பம் வந்த 2018இன் பிற்பகுதியிலேயே மும்பை ராப் பாடகர் எமிவே பன்டாயோடு மோதல் வெடித்தது. யாருக்கு வருமானம் இருக்கிறது, யார் நிலைத்து நிற்பார் என்பது குறித்து ரஃப்தார் ஒரு பேட்டியில் சொன்னதிலிருந்து தொடங்கிய சண்டை. ஒருவரையொருவர் தாக்கும் டிஸ் பாட்டுகள் இரு பக்கமும் பறந்தன. ரஃப்தாரின் 'ஷேக் சில்லி' அவருடைய திறமையைச் சந்தேகித்தவர்களின் வாயை அடைத்தது. ஆனால் எமிவே எந்த நிறுவனத்தையும் சாராத தெருப் பையன் என்ற இடத்தில் நின்றார்; ரஃப்தார் நிறுவனத்து ஆள் என்ற இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஒரு மோதலில் ஜெயித்தும் இடத்தில் தோற்கமுடியும் என்பதை அந்த மாதங்களில் ரசிகர்கள் பிரிந்து நின்ற விதம் காட்டியது. அவருடைய இரண்டாவது ஆல்பம் 2020இல் வந்தது. பெயர் 'மிஸ்டர் நாயர்'. குடும்பப் பெயரை அட்டையில் போட அவருக்கு ஓர் ஆல்பமும் இரண்டு ஆண்டும் தேவைப்பட்டிருக்கின்றன. அதற்குள் எம்டிவி ஹசல் ராப் போட்டி நிகழ்ச்சியின் நடுவராகவும் கலம்கார் இசை நிறுவனத்தின் முகமாகவும் அவர் காலூன்றிவிட்டார். விலாசம் சொல்லும் துணிவு, விலாசம் தேவைப்படாத நிலைக்கு வந்த பிறகுதான் வருகிறது போலும்.

பாட்ஷாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'டிஜே வாலே பாபு'வும் 'காலா சஷ்மா'வும் ஆட்டக்களத்தை ஏற்கெனவே அவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டன. 'ஒன்' ஆல்பத்தில் மென்மையான பக்கத்தைக் காட்ட முயன்றார். கூட்டம் அதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த ஆட்டப் பாட்டுக்குக் காத்திருந்தது.

'பயான்' வேறு வகை. சீதே மௌத் என்பது என்கோர் ஏபிஜே, காம் என்ற இருவர். ஸ்பிட் டோப் வட்டத்தில், பீட்டுக்கு நேருக்கு நேர் நின்று வரி வீசும் சைஃபர்களில் பட்டை தீட்டப்பட்டவர்கள். இதற்கும் செஸ்தான் இசை, இதுவும் ஆசாதிதான். நெருக்கமான இந்தி, தில்லிப் பையன்களின் வசவுகள், மூச்சுவிடாத ஃப்ளோ. 'ஷக்திமான்' என்றொரு பாட்டு. தூர்தர்ஷனில் அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த வயதுக்காரர்களிடம் விளக்கம் தேவைப்படாத தலைப்பு. புரியவில்லை என்ற புகார் இந்த ஆல்பத்துக்கு ஆபரணமாயிற்று. புரிந்தவர்கள் ஒரு கட்சியானார்கள், அந்தக் கட்சி ஆண்டுக்கு ஆண்டு பெருத்தது. 2022இல் அதே செஸ்ஸோடு செய்த 'நயாப்' மெதுவாக, கனமாக, துக்கத்தோடு வந்தபோது கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. மேடையில் குதிக்க எதுவும் இல்லை என்றார்கள் ஒரு சாரார். இதுவரை செய்ததில் இதுவே சிறந்தது என்றார்கள் மறுசாரார். பிரப் தீப்புக்கு நடந்ததன் மறுபதிப்பு.

இவர்கள் எல்லோரும் ஆல்பம் போட முடிந்தவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். மானுடவியலாளர் எத்திராஜ் கேப்ரியல் தத்தாத்ரேயன் 2020இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்ட 'தி குளோபலி ஃபெமிலியர்' நூலில் வருபவர்கள் வேறு தில்லி இளைஞர்கள். வேறு மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்களின் பையன்கள். கிர்கி போன்ற நெருக்கடியான குடியிருப்பில் வாடகை அறை. சாலைக்கு அந்தப் பக்கம் சாகேத்தின் பளபளக்கும் மால்கள். கைபேசியும் சமூக ஊடகமும் காட்டிய ஹிப்-ஹாப் உலகத்தை உடலில் ஏற்றிக்கொண்டு, தங்களைச் சேர்த்துக்கொள்ளாத நகரத்தில் அவர்கள் எப்படித் தோன்றக் கற்றார்கள் என்பதைத் தத்தாத்ரேயன் விரிவாக எழுதுகிறார். அவர்களிடம் நடனமும் வீடியோவும் சைஃபரும் இருந்தன. ஸ்டுடியோவும் நிறுவனமும் கொண்டு ஒரு முதல் ஆல்பம் போடும் நிலையை எட்டியவர்கள் மிகக் குறைவு. ரசிகர்களின் அதிருப்தி என்ற சொகுசுகூட எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

தெற்கே நம்மவர் கதையில் திசை கொஞ்சம் மாறுகிறது. அறிவு 2019இல் 'தெருக்குரல்' ஆல்பத்தோடு வந்தபோது காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடை அவருக்கான விலாசத்தை முன்பே எழுதியிருந்தது. சாதி எதிர்ப்பு அரசியலே அவர் முகவரி. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' கோடிக்கணக்கானோரிடம் போன பிறகு புதிதாக வந்த ரசிகர்கள் பின்னோக்கிச் சென்று 'தெருக்குரல்' கேட்டுத் திடுக்கிட்டார்கள். இங்கே முகம் சுளிப்பு ஆல்பம் வந்து இரண்டு ஆண்டு கழித்து, புதியவர்களிடமிருந்து வந்தது. 2024இல் பாட்டியின் பெயரைத் தாங்கி 'வள்ளியம்மா பேராண்டி' வந்தது. விலாசம் இன்னும் துல்லியமாகிவிட்டது.

கடைசியாக ஹனுமான்கைண்ட். இயற்பெயர் சூரஜ் செருகாட். மலப்புறத்தில் பிறந்து, ஹூஸ்டனில் வளர்ந்து, கோயம்புத்தூர் பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரியில் படித்து, பெங்களூரில் வேலை பார்த்துப் பாடகரானவர். இரண்டு தேசங்களின் தெற்கும் ஒருவருக்குள்ளேயே இருப்பது அபூர்வம். 2024 ஜூலையில் வந்த 'பிக் டாக்ஸ்' அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் 23ஆம் இடம்வரை ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் அருகே இந்தியப் பிரதமர் கலந்துகொண்ட விழாவில் அவர் பாடி, பிரதமரைத் தழுவிக்கொண்டபோது ரசிகர்கள் இரண்டாக நின்றார்கள். அதிகாரத்தை விமர்சித்த பழைய வரிகளை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது நெருடியது. 2025 ஜூலையில் 'மான்சூன் சீசன்' வந்தது. டென்சல் கரி, ஹூஸ்டனின் மேக்சோ கிரீம் போன்றவர்கள் உடன் பாடியிருந்தார்கள். இன்னொரு 'பிக் டாக்ஸ்' தேடியவர்களுக்கு அதில் நிதானமான, தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் பாட்டுகள் கிடைத்தன; ஏமாற்றமும் பாராட்டும் சம அளவில் வந்தன.

ஆனால் அவர் அதை ஆல்பம் என்று அழைக்கவில்லை, ஆல்பத்தின் கனமில்லாத தொகுப்பு என்ற பொருளில் மிக்ஸ்டேப் என்றார். சீதே மௌத்தும் 2023இல் முப்பது பாட்டுகளோடு வெளியிட்ட 'லஞ்ச் பிரேக்' தொகுப்பை மிக்ஸ்டேப் என்றுதான் சொன்னார்கள். இந்தத் தலைமுறை இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டிருக்கிறது. தில்லியின் 2018ஆம் ஆண்டைப் பார்த்தவர்கள் எவரும் 'முதல் ஆல்பம்' என்று அட்டையில் அச்சிட அவசரப்படமாட்டார்கள். ஹனுமான்கைண்டின் முதல் ஆல்பம் இன்னும் வரவேண்டியிருக்கிறது, அது மலப்புறத்திலிருந்து பேசுமா ஹூஸ்டனிலிருந்து பேசுமா என்று ரசிகர்கள் இப்போதே பந்தயம் கட்டுகிறார்கள்.